மழை மறைவுப் பகுதி

இருபத்திரண்டு வருடம் ராஜபாளையத்தில் புவியியல் நடத்தினேன். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். நீளமாக ஒரே கோடு. அதற்கு அந்தப் பக்கம் கேரளம், தென்மேற்குப் பருவமழை. இந்தப் பக்கம் நாம், மழை மறைவுப் பகுதி. பிள்ளைகள் அப்படியே எழுதி மார்க் வாங்கினார்கள். அந்த மலையில் நான் ஒருநாளும் ஏறியதில்லை.

1991 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பள்ளி ஆசிரியர்கள் என் தலைமையில் மலையடிவாரத்து ஆற்றுக்குச் சுற்றுலா போனோம். மலை சரணாலயமாகி இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும். ஆற்றில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மணலில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தோம். நல்ல வெயில்.

தினக்கூலிக்கு வனக்காவல் பார்த்த சமுத்திரம் என்பவர் கரையில் வந்து நின்றார்.

"சார், மேல கணவாய்ல மேகம் எறங்கிருக்கு. ஆத்துக்குள்ள உக்காராதிய. கரைக்கு ஏறிருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவர் யார் எனக்கு மலையைப் பற்றிச் சொல்ல?

"ஆடியில கேரளாவுலதான்யா மழை. இங்க எப்படி வெள்ளம் வரும்? ஒன் சோலியப் பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

அரைமணி நேரத்தில் செம்மண் தண்ணீர் மரக்கிளைகளோடு வந்தது. நாங்கள் கரைக்கு ஓடினோம். அறிவியல் டீச்சர் கிருபாபாயை வெள்ளம் இழுத்தது. சமுத்திரம்தான் குதித்து அவரைக் கரை சேர்த்தார். பாறையில் மோதிச் சமுத்திரத்தின் வலது தோள் நொறுங்கியது.

பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சிகரங்களுக்கு நடுவே மலை தாழ்ந்து கிடக்கிறது. கேரளத்து மேகம் அதன் வழியாகத்தான் நுழைகிறது. எங்கள் ஆறு பிறப்பதும் அங்கேதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வனத்துறை விசாரணை. குழுவுக்குப் பொறுப்பு என்று என்னை மட்டும் கூப்பிட்டார்கள். "காவலர் எச்சரித்தாரா?" என்று அதிகாரி கேட்டார். தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது.

"தெளிவாச் சொல்லலை" என்றேன்.

கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் கையில் கட்டோடு சமுத்திரம் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு வேலை போயிற்று. எனக்குப் பதவி வந்தது. கிருபாபாய் டீச்சர் அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

ஐந்து வருடம் கழித்து, அதே ஆடியில், மலையடிவாரத்துத் தேவதானத்தில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றேன். எதிரே சிமெண்ட் லாரி. இடது தோளில் மட்டும் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர் என்னைக் கண்டு, மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

சமுத்திரம் மலையைக் காட்டினார். "சார், கணவாய்ல மேகம் எறங்கிருக்கு. ஆத்துப் பக்கம் போயிராதிய."

போகத் திரும்பியவர் நின்றார்.

"தெளிவாச் சொல்லிட்டேன்லா?"

ஒரு பஸ் வந்தது. நான் போகவேண்டிய பஸ் இல்லை. ஏறிக்கொண்டேன்.