எங்கள் வீட்டுத் தேரைக்கு உடம்பு சரியில்லை

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர் மருதாசலம், அப்புறம் ஒரு தேரை. மரியாதை வரிசைப்படி சொல்வதானால் தேரையைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் குளியலறை மூலையில் உட்கார்ந்துகொண்டு நம்மை முறைக்குமே, முதுகெல்லாம் கொப்புளமாக, அதேதான். இவர் உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர். உள்ளே பருப்பில்லாத காய் வந்தால் 'தேரை விழுந்த காய்' என்று தூக்கி எறிந்தவர். காலையில் மண்டிக்குள் யாராவது அந்தப் பேரை எடுத்தால் அன்றைய வியாபாரமே கெட்டது என்று கத்துவார். அப்பேர்ப்பட்டவர், மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் துடியலூருக்குக் குடிவந்த பிறகு, வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒதுங்கியிருந்த தேரையைப் பிடித்துப் பழைய மீன் தொட்டியில் வைத்து வளர்க்கிறார். அதற்குத் தங்கம் என்று பேர். என்னைக் கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா புள்ள' என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு ரங்கநாயகி என்று ஒரு பேர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும்.

என் கைகளைப் பற்றியும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை உரிந்து கிடக்கும். புளி கரைத்தால் உயிர் போகும். டாக்டரிடம் காட்டலாமுங்க என்று நானும் வருடக்கணக்காகக் கேட்டுவிட்டேன். "தேங்காயெண்ணெயத் தடவு புள்ள, செரியாப் போயிரும்" என்பார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். தேங்காய் வியாபாரி வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? மருந்துகூட அப்புறம் இருக்கட்டும், ஒரு தடவை அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. கேட்டு வாங்கிக்கொள்கிற விஷயமா அது?

போன ஐப்பசியில் தங்கத்துக்குத் தோல் உரிந்தது. தேரைக்குத் தோல் உரிவது ஒன்றும் அதிசயமில்லை. சட்டையைக் கழற்றுகிற மாதிரி முழுசாகக் கழற்றித் தானே விழுங்கிவிடும். சிக்கனமான பிராணி. இந்தத் தடவை திட்டுத் திட்டாக உரிந்து, பாதி முதுகிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பகலெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு எழவில்லை. பூச்சி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவர் அதைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வயிறும் தொடைகளும் செக்கச்சிவந்து இருந்தன. அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டவர்.

"தேங்காயெண்ணெயத் தடவுங்க, செரியாப் போயிரும்" என்றேன்.

"அறிவிருக்குதா புள்ள உனக்கு? அது தோல்லயும் மூச்சு உடற சீவன். எண்ணெயத் தடவுனா மூச்சு முட்டிச் செத்துப்போயிரும்."

என் தோல் மூச்சு விடாத ரகம்போல.

மறுநாள் காலையில் ஆர்.எஸ்.புரத்துக்குப் புறப்பட்டோம். அங்கே உமர் பாரூக் என்று ஒரு கால்நடை மருத்துவர், நாய் பூனையோடு ஆமை, ஓணானும் பார்ப்பாராம். தங்கத்தை வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். தங்கத்துக்கு அதிரக்கூடாது என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். பின்னால் வந்தவர்கள் எங்களைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. இறங்கியதும் சாவியை என் பையில் போட்டுவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

டாக்டரிடம் இவர் சொன்ன நோய் வரலாறு இருக்கிறதே, அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். எந்தக் கிழமை பூச்சியை வேண்டாம் என்றது, எந்தத் தொடையில் முதலில் சிவப்பு கண்டது, பகலில் எப்படித் தூங்குகிறது, ராத்திரி எத்தனை தரம் கத்துகிறது, எல்லாம் மனப்பாடம். டாக்டர் கையுறை போட்டு, அதைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, தேரையை மல்லாக்கப் போட்டார். நல்ல தேரை உடனே புரண்டுவிடுமாம். தங்கம் யோசித்து யோசித்துப் புரண்டது.

"தொட்டிய யாருங்க கழுவறது?" என்றார் டாக்டர்.

"நானுங்க."

"எதப் போட்டுங்கம்மா?"

"ப்ளீச்சிங் பவுடருங்க. ஊடெல்லாம் நாத்தம் அடிக்குதுங்களே."

எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. வளர்க்கிறவர் கழுவியிருக்கலாம்.

"இது வாயால தண்ணி குடிக்கறதில்லீங்கம்மா. வயித்துத் தோல்லதான் உறிஞ்சிக்கும். தொட்டியில ஒட்டிட்டிருக்கற பவுடரும் அப்படியே உள்ள போயிரும். தோல் வெந்துபோனா அதுல கிருமி ஏறும். இதுக்கு ஏறியிருக்குதான்னு தோலைப் பஞ்சுல தொட்டுப் பரிசோதனைக்கு எடுத்திருக்கறேன்." சொல்லிக்கொண்டே வந்தவர், மேஜை மேல் இருந்த என் கைகளைப் பார்த்து நிறுத்தினார். "உங்க கையும் அப்படித்தானே இருக்குது. ரெண்டு பேரும் ஒரே பவுடர்ல வெந்திருக்கறீங்க."

இவர் எட்டிப் பார்த்தார். நிஜமாகவே குனிந்து, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் பார்த்தார். நான் கைகளை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.

"இந்தக் கையோடவா புள்ள தங்கத்தத் தொட்ட?" என்றார்.

டாக்டர் குனிந்து மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார். புதுப் பெட்டி, அடியில் நனைத்த வெள்ளைத் தாள், குழாய்த் தண்ணீரானால் அதிலிருக்கிற குளோரினைப் போக்க மீன் கடையில் விற்கிற சொட்டு மருந்து விட்டுத்தான் ஊற்ற வேண்டும். மஞ்சள், உப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. கொடுக்கிற மருந்தை அவர் சொன்ன அளவில் கலக்கி அதில் கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும். மற்றபடி யாரும் தொந்தரவு செய்யாமல், அமைதியாக, முழு ஓய்வு. கேட்கக் கேட்க எனக்குத் தேரையாகப் பிறந்திருக்கலாம் என்று இருந்தது.

"அம்மாவ ஒரு தோல் டாக்டர்கிட்டக் காட்டிருங்க. அடுத்த வீதியிலயே இருக்கறாங்க" என்றார் டாக்டர்.

"அது பாத்துக்கலாமுங்க. தங்கத்துக்குத் தண்ணி எப்பெப்ப மாத்தோணுமுங்க?"

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. எழுந்தேன், பையை எடுத்தேன், படியிறங்கி அடுத்த வீதிக்கு நடந்தேன். தோல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் பேர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் பெட்டியோடு வந்து நின்றார். பக்கத்தில் இருந்த அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

"காரு சாவி உன்ற பையில இருக்குது" என்றார்.

அதானே. எனக்காக வந்துவிட்டாரோ என்று ஒரு நொடி நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். சாவியை எடுத்து நீட்டினேன். "போங்க. நான் பஸ்ல வாரேன்."

இவர் அதை வாங்குவதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள். "ரங்கநாயகி. கூட வந்தவங்களும் உள்ள வாங்க." இவர் திருதிருவென்று விழித்துவிட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே உள்ளே வந்தார்.

தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கைகளைப் பார்த்துவிட்டு, கேள்வியை இவரிடம் கேட்டாள். பெண்டாட்டிக்கு நோய் என்றால் புருஷனைக் கேட்பதுதானே ஊர் வழக்கம்? இந்தத் தடவை அந்த வழக்கத்தைக் கும்பிடத் தோன்றியது.

"எப்ப இருந்துங்க இப்படி இருக்குது?"

இவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"எந்தக் கையில மொதல்ல வந்தது? ராத்திரி அரிப்பு இருக்குதுங்களா, தூங்கறாங்களா?"

என்னைப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்கிற மாதிரி. நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித்தான் வருடங்கள் போயிருந்தன. டாக்டரம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இவர் காது மடல் சிவந்துபோனது.

பெட்டியைத் தரையில் வைத்தார். என் வலது கையை மணிக்கட்டில் பிடித்து, மெதுவாகப் புரட்டி, உள்ளங்கையைப் பார்த்தார். வெடிப்பின் மேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டார்.

"தெரியலீங்க டாக்டர்" என்றார். "அவ சொல்லியிருப்பாளுங்க. நான்தான் காதுல வாங்கல."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. சந்தோஷமெல்லாம் இல்லை, சுத்தமான ஆத்திரம். இவ்வளவு சின்ன வேலைக்கா இத்தனை வருடம் ஆனது?

"எடது கையிலதானுங்க மொதல்ல வந்தது" என்றேன் டாக்டரிடம்.

இவர் என் வலது கையை விடாமலேயே இடது கைக்கும் கையை நீட்டினார்.