டொரீன் வீட்டுச் சைவம்

விமான நிலையத்திலிருந்து கோல சிலாங்கூர் வந்து சேரும் வரை நித்தியா ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. வேன் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு வந்தாள். வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனை, அதைத் தாண்டினால் செம்பனை, அதையும் தாண்டினால் மறுபடி செம்பனை. அதற்கே அவள் "ஐயோ, எவ்ளோ பச்சை!" என்று கூவிக்கொண்டிருந்தாள். வேனை ஓட்டிவந்த லிங்கேஸ்வரன் தொண்டர்களுக்கெல்லாம் பொறுப்பாளர், அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூனு மாசம் இதத்தான் பாக்கப் போற. இப்பவே கண்ண தேய்ச்சிக்காதலா" என்றார்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நாகப்பட்டினத்துப் பெண் முதல்முறையாகக் கடல் தாண்டி வந்திருக்கிறாள். முத்துப்பேட்டையில் அலையாத்திக் கன்று நட்டுக் கை பழகியவளை, அதே வேலைக்குச் சுங்கை செம்பிலாங் கடலோரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்குவதற்கு விடுதி இல்லை, ஒரு குடும்பத்தின் வீடு. அதுதான் கவலை. எப்படிப்பட்டவர்களோ, என்னைப் பிடிக்குமோ பிடிக்காதோ?

தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்தை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு அது. வாசலிலேயே மூன்று பேரும் நின்றார்கள். சூசைமுத்து அங்கிள் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், பேச்சு குறைவு, சிரிப்பு ஜாஸ்தி. மகள் கிளாடிஸ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், நித்தியாவைவிட ஒரு வயசு மூத்தவள். வீட்டுக்காரம்மா டொரீன், பாலர் பள்ளியில் சமையல் வேலை. அவர் நித்தியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நாகப்பட்டினமா? அப்படின்னா வேளாங்கண்ணி பக்கமா?"

"பஸ் ஏறினா அரை மணிதான் ஆன்ட்டி."

"கேட்டீங்களா? அரை மணியாம்!" என்று டொரீன் புருஷனைப் பார்த்துக் கத்தினார். மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, மாதாவுக்கே அவளை அறிமுகம் செய்துவைத்தார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்த மறுநாள் அது. மேசையில் சாம்பார், ரசம், கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் பொரியல், சோயாவில் செய்த பொய் மட்டன், அப்பளம் என்று கல்யாணப் பந்திபோல் பரப்பியிருந்தது. "சட்டி பானையெல்லாம் புதுசும்மா. நேத்துதான் வாங்கினேன். மீன் கவுச்சி ஒரு துளி பட்டது கெடையாது" என்று டொரீன் பெருமையோடு சொன்னார்.

நித்தியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஊரில் அவள் பக்கத்து வீட்டுக்காரர்களும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். தவக்காலம் வந்துவிட்டால் ஈஸ்டர்வரை கறி, மீன், கருவாடு எதையும் தொட மாட்டார்கள். ஆனால் அவர்கள்கூடப் புதுச் சட்டி வாங்கியதில்லை. இந்தத் தோட்டத்து ஜனங்களுக்குத்தான் எவ்வளவு பக்தி! இந்த வீட்டில் இருக்கும்வரை மீன் என்ற சொல்லே தன் வாயிலிருந்து வரக்கூடாது என்று அவள் அங்கேயே, அப்பளத்தை நொறுக்கியபடியே முடிவு செய்துகொண்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் ஓடின என்பதைவிடப் பறந்தன என்றே சொல்லலாம். காலையில் "பசியாறிட்டியா?" என்று எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். இட்லி தின்றுவிட்டு வந்தவளைப் பார்த்துக் கேட்கிற அந்த அழகான வார்த்தைக்காகவே அவள் தெருவில் இரண்டு தடவை நடந்தாள். கிளாடிஸ் தன் கட்டிலில் பாதியையும், அலமாரியில் பாதியையும், ரகசியங்களில் முக்கால்வாசியையும் கொடுத்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துத் தோட்டத்துச் செம்மண் பாதையில் அவள் ஓட்டிய ஓட்டத்தில் கத்திக் கத்தி நித்தியாவின் தொண்டையே கட்டிப்போனது. பகலெல்லாம் கன்றுப் பண்ணையில் சேற்றைப் பையில் அடைக்கிற வேலை. சாயங்காலம் குடும்பத்தோடு ஜெபத்துக்கு உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, இது என் வீடு மாதிரியே இருக்குமா!" என்றாள்.

ஒரே ஒரு சங்கடம்தான். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நாக்கு அது. மீன் வாசனை இல்லாத சோறு நாலு கவளத்துக்கு மேல் இறங்க மாட்டேன் என்றது. அவளும் ரசத்தை ஊற்றித் தள்ளிப் பார்த்தாள், அப்பளத்தை வைத்து ஏமாற்றிப் பார்த்தாள். பாதித் தட்டு தினமும் மிச்சம். டொரீன் அந்தத் தட்டைப் பார்ப்பார், எடுத்துக்கொண்டு போவார். போனில் தேடித் தேடி மறுநாள் வேறொரு சாம்பார் வைப்பார். இதற்கு நடுவே மற்ற மூன்று பேரும் சாயங்காலமானால் "சும்மா ஒரு வேல" என்று காடியில் ஏறிப்போய், முகத்தில் ஒரு களையோடு திரும்பி வருவார்கள். நித்தியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பண்ணையில் இருந்தபோது லிங்கேஸ்வரன் கூப்பிட்டார்.

"நித்தியா, ஞாயித்துக்கெழம உன்ன ரவாங்குக்கு மாத்துறோம். அப்பளசாமி, வேலம்மான்னு ஒரு குடும்பம். ரொம்ப நல்லவங்க."

"ஏன் அண்ணே? இங்கயே நல்லா இருக்கே!"

"டொரீன்தான் கேட்டுக்கிச்சு." குரல் கொஞ்சம் தயங்கியது. "ரவாங்லேருந்து தினமும் கடலுக்கு வர முடியாதுலா. அங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடு. நாளைக்குக் கன்னு நடுறதோட உனக்கு இங்க வேல முடிஞ்சிச்சு."

சேற்றுப் பையைக் கையில் வைத்தபடி அவள் அப்படியே நின்றாள். கடல் போச்சு, கன்று போச்சு. அவற்றைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். டொரீன் ஆன்ட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே! இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடாத மனுஷி! என்ன தப்பு செய்தோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நேரில் கேட்கவும் வாய் வரவில்லை, இன்னொருவர் வீட்டில் இருந்துகொண்டு என்னை ஏன் அனுப்புகிறீர்கள் என்று எப்படிக் கேட்பது? கடைசியில் ஒன்று தோன்றியது. இவ்வளவு கடுமையாக விரதம் இருக்கிற வீட்டில் தயிரும் மோரும் கேட்டு வாங்கிக் குடித்தோமே, அதுவாகத்தான் இருக்கும்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் பணிவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, இனிமே எனக்குத் தயிர், மோர்கூட வேணாம்."

டொரீனின் கையில் கரண்டி நின்றது. "அதுவும் வேணாமா?" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. சரிசெய்யப் போய்க் கெடுத்துவிட்டோம் என்று மட்டும் நித்தியாவுக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை சுங்கை செம்பிலாங் கரையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. முழங்கால்வரை சேறு. இறங்கிய நிமிஷமே சேறு ஒரு செருப்பை விழுங்கியது. நித்தியா இன்னொன்றையும் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். குழி தோண்டி, கன்றை வைத்து, மூங்கில் குச்சியில் கட்டி, அடுத்தது, அதற்கடுத்தது. அலை ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் கத்திக்கொண்டே வேலை செய்தார்கள். வருத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தண்ணீர் திரும்பி வந்து கன்றுகளின் காலை நனைத்தபோது ஒன்றுகூடச் சாயவில்லை. நித்தியா சேற்றுக் கையோடு குதித்தாள், கைதட்டினாள், முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டாள்.

கரையேறிக் கால் கழுவும்போதுதான் அந்த வாசனை வந்தது. மீனவர்கள் கடையில் வாழையிலையில் மிளகாய் விழுது தடவித் திருக்கை சுட்டுக்கொண்டிருந்தார்கள். நித்தியாவின் கால்கள் தானாகவே நடந்தன. நாளைக்கு ரவாங் போகப் போகிறோம், விரதம் கலைந்தால்தான் யாருக்கு என்ன? ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கடைக்குப் பின்பக்கம், ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போனாள். நின்றபடியே முதல் வாய் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உறைப்பினால் வந்தது பாதி, சந்தோஷத்தில் வந்தது பாதி.

பெட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ நண்டு ஓட்டைக் கடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

சின்ன மேசை ஒன்றைச் சுற்றி சூசைமுத்து, கிளாடிஸ், டொரீன் மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நண்டும் சுட்ட மீனும். ஓரத்தில், அவளுக்குக் கொண்டுவந்த சைவச் சாப்பாட்டு அடுக்கு, மூடி திறக்காமல் இருந்தது.

நாலு பேரும் வாயில் வைத்ததை மெல்லாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஐயோ, ஐயர் வீட்டுப் பொண்ணு மீன் திங்கிது!" என்று டொரீன்தான் முதலில் அலறினார்.

"ஐயர் வீடா? யாரு ஆன்ட்டி?"

"நீதான்லா! உங்கப்பாவுக்குக் கோயில்ல வேலைன்னு லிங்கம் சொன்னான்ல!"

"எங்கப்பா கோயில்ல எலக்ட்ரீஷியன் ஆன்ட்டி! திருவிழாவுக்கு சீரியல் பல்பு போடுறவரு. எங்க வீட்ல வெள்ளிக்கிழம தவிர தெனமும் மீன்தான்! நீங்கதானே தவக்காலம்னு புதுச் சட்டியெல்லாம் வாங்கி..."

"எங்களுக்கு வெள்ளிக்கெழம எறச்சிதான் கெடையாது" என்றார் சூசைமுத்து, நண்டுக் காலைக் கீழே வைக்காமலே. "மீனுக்கு என்னா வந்துச்சு? சட்டி உனக்காக வாங்கினது. உன் முன்னால தின்னக் கூடாதுன்னு இவ சட்டம் போட்டுட்டா. நாங்க தெனம் இங்க ஓடி வர்றோம்."

கிளாடிஸ் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள், புரையேறியது. நித்தியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்து நின்றாள்.

"அப்புறம் ஏன் ஆன்ட்டி என்னை அனுப்பச் சொன்னீங்க?"

டொரீன் கடித்த மீன் துண்டைத் தட்டில் வைத்தார்.

"தெனம் பாதிச் சோறு வச்சிட்டுப் போனியே" என்றார் மெதுவாக. "நானும் என்னென்னமோ ஆக்கிப் பார்த்தேன். நேத்து தயிர்கூட வேணாம்னுட்ட. அதுக்கு முன்னாடியே மனசு விட்டுப்போச்சு. நாங்க வேதக்காரங்க, தோட்டத்து ஆளுங்க. எங்க கையால சாப்பிட உனக்கு மனசு வரலன்னு நெனச்சேன்மா. அத வெளிய சொல்லாம கஷ்டப்படுறன்னு நெனச்சேன். வேலம்மா சைவம், உங்க ஆளுங்க. அங்க போனாலாவது பிள்ள வயிறு நெறையச் சாப்பிடட்டும்னுதான்."

நித்தியா தன் தட்டை மேசையில் வைத்தாள். கையை நீட்டினாள். டொரீனின் தட்டில் அவர் கடித்து வைத்திருந்த மீன் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று தின்றாள். தின்றுவிட்டு, அதே தட்டில் ஒட்டியிருந்த மிளகாய் விழுதையும் விரலால் வழித்து நக்கினாள்.

டொரீன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு புருஷனைப் பார்த்து, "என்னா பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கீங்க? பிள்ளைக்குப் பசிக்கிது, இன்னும் ரெண்டு மீனு சொல்லுங்க!" என்று அதட்டினார்.

சூசைமுத்து எழுந்து போன நேரம் பார்த்து டொரீனின் போன் அடித்தது. கிளாடிஸ் அதை எடுத்து அம்மாவின் காதோரம் பிடித்தாள். லிங்கேஸ்வரனின் குரல் மேசை முழுக்கக் கேட்டது.

"அக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு வேன் கொண்டு வரட்டும்?"

டொரீன் ஒரு நண்டை எடுத்து, ஓட்டை உடைத்து, சதையை நித்தியாவின் தட்டில் வைத்தார்.

"எந்த வேனு?" என்றார்.