எலிகியோ பிடிக்காத மீன்

கூடைப்பந்துத் திடலின் தகரக் கூரைக்கடியில் ஊரே கூடியிருந்தது. மீன்வளத் துறையிலிருந்து வந்திருந்த பெண் இஞ்சினியர் மடிக்கணினியைப் பார்த்துப் பேர் வாசித்தாள். படகுகளுக்கான எண்ணெய் மானியம் இனிக் கிடையாது. கடல் தேற வேண்டும் என்று, அதிகம் பிடிப்பவர்களை முதலில் இரண்டு வருடம் நிறுத்தப் போகிறார்கள்.

அதைக் கேட்டதே எலிகியோதான். போன கூட்டத்தில் எழுந்து, வளைகுடாவில் நின்ற இறால் இழுவைப் படகுகளைக் கைகாட்டி, "எவன் நிறைய வாருறானோ அவன முதல்ல நிறுத்துங்க" என்றான். ஊர் கைதட்டியது.

"எலிகியோ பார்ராசா" என்றாள் அந்தப் பெண். "கடலுக்குப் போன நாளெல்லாம் நானூறு கிலோ கத்தாளை மீன். இந்தக் கரையில உங்களுக்குத்தான் முதல் இடம், டோன் எலிகியோ."

ஒரு வாரம் முழுக்க வலைவிட்டாலும் நானூறு கிலோ அவன் கண்டதில்லை. பிடித்த மீனுக்குத் தக்க மானியப் பெட்ரோல் என்பது பழைய சட்டம். நாற்பது என்று உள்ளதைச் சொன்னால், கிடைக்கிற பெட்ரோலில் முகத்துவாரம் தாண்ட முடியாது. கரையில் எல்லாருமே கூட்டித்தான் சொன்னார்கள். அவன் கூட்டாளி லிப்ராடோ நூற்றைம்பதோடு நின்றுகொண்டான். எலிகியோ ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துவிட்டான். இழுவைப் படகுக்காரர்களுக்கு எஞ்சின் அளவுக்கு டீசல் வந்தது; மீனைக் கூட்டிச் சொல்லும் அவசியமில்லை. வரிக்குப் பயந்து குறைத்தே சொல்லியிருந்தார்கள்.

"இஞ்சினியரம்மா, அந்த நானூறு..." என்று ஆரம்பித்தான்.

பக்கத்திலிருந்த லிப்ராடோ அவன் காலை மிதித்தான். எலிகியோவின் மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்; அந்த உறவில் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்பார்கள்.

"வாய மூடு, கொம்பாத்ரே. பொய்னு சொன்னா ஒம்பது வருசப் பெட்ரோலையும் திருப்பிக் கேப்பாங்க. அப்புறம் எங்கள நோண்டுவாங்க."

"அப்ப நான்?"

"வளைகுடாவையே தின்ன ஆளு நீ. ஏப்பம் விடு."

பின்னால் சிலர் சிரித்தார்கள். எலிகியோ திரும்பியதும் எல்லாரும் குனிந்து தொப்பியைத் துடைத்தார்கள்.

"ஏதாவது சொல்லணுமா?" என்றாள் அந்தப் பெண். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, இஞ்சினியரம்மா."

மத்தியானமே இரண்டு பேர் கரைக்கு வந்து, அவன் எஞ்சினைச் சுற்றிக் கம்பி போட்டு ஈய முத்திரை அடித்தார்கள். அவன் மனைவி ஃபெர்மினா ஈரக் கையை பாவாடையில் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் நானூறு கிலோன்னு மைக்குல சொன்னாங்களே, அதையெல்லாம் எவ வீட்டுல கொண்டுபோய்க் கொட்டுன?"

"உனக்குத் தெரியாதா ஃபெர்மினா?"

"தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

கடலில் இழுவைப் படகொன்று வலை கட்டிய இரு கைமரங்களையும் தண்ணீரில் இறக்கிவிட்டு மெதுவாகத் திரும்பியது. பின்னால் கூழைக்கடாக்கள் கூட்டமாகப் போயின.

லிப்ராடோ மணலில் நடந்து வந்தான். முத்திரையைப் பார்க்காமல் பேசினான்.

"கொம்பாத்ரே, உன் வலை சும்மாதான கெடக்கும்? என்னோடது கிழிஞ்சு போச்சு."

எலிகியோ குனிந்து, வலையின் ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தான். ஒரு ஆளாகச் சுமக்க முடியாத வலை அது. மறு முனையை எலிகியோவே தூக்கிக்கொண்டு லிப்ராடோவின் படகுவரை போனான்.