மெதுவாகப் போனால் அணையும் வேன்

நெயாஃபு என்ற தீவு ஊரில் சவப்பெட்டி ஏற்றுகிற அளவுக்குப் பெரிய வண்டி சர்ச் வேன் ஒன்றுதான். சடேகியை அடக்கம் செய்ய வேண்டிய காலையில் அது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே துடித்துத் துடித்து அணைந்தது.

ஊரின் மெக்கானிக் விலிசோனி, சடேகியின் கூடப்பிறந்த தம்பி. துக்க வீட்டார் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாயோடே வேனுக்குள் குனிந்து, எஞ்சின் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகினான். கோளாறு எதையும் அது பெயர் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் சும்மா நிற்கும்போது எஞ்சின் அளவுக்கு மீறிப் பெட்ரோல் கேட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அடங்கியது. எங்கோ காற்று உள்ளே போகிறது. தேடிப் பார்த்ததில், எஞ்சினுக்குக் காற்றுப் போகும் மேனிஃபோல்டுக் குழாயின் பேக்கிங் கிழிந்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா தம்பி?" என்றாள் சடேகியின் மனைவி லூபே.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி. பேக்கிங் ஆக்லாந்துல இருந்து கப்பல்ல வரணும்."

"அப்ப கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?"

பக்கத்தில் நின்ற சடேகியின் கூட்டாளி ஃபோலாவ், "சடேகி உசுரோட இருந்தப்பவே எங்கயும் நேரத்துக்குப் போனதில்ல, விடு" என்றான். லூபே சிரித்துவிட்டு அழுதாள்.

விலிசோனி கிழிசலில் பசை தடவி, தானே ஓட்டினான். முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு ஊரே நடந்ததால் வேன் ஊர்ந்துதான் போக முடிந்தது. ஒரு காலை பிரேக்கிலும் ஒரு காலை ஆக்சிலேட்டரிலும் வைத்து எஞ்சினைப் பிடித்துவைத்தான். கல்லறைக்குப் போகும் மேட்டில் சூடேறியதும் பசை விட்டுப்போயிற்று. ஸ்கேனரில் எஞ்சின் வேகத்தின் எண்கள் சரிந்து பூஜ்யத்தில் நின்றன. மறுபடி கிளப்பினான். மறுபடி அணைந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூபே அவன் தோளைத் தொட்டாள். "போதும்பா. நடந்தே போறோம்."

ஆட்கள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பின்னால் கிழவர்கள் ஏறியிருந்த வண்டிகள் மேட்டடியில் வரிசையாக நின்றன, சாலையோ குறுகல். வேனைப் பின்னோக்கி இறக்கி ஒதுக்கினால்தான் அவற்றுக்கு வழி. எஞ்சின் அணைந்த வண்டியை இறக்கத்தில் விட்டுத் திருப்ப அவனை விட்டால் ஆளில்லை. அண்ணனைச் சுமந்தவர்கள் மேலே போக, அவன் கண்ணாடியைப் பார்த்தபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தான்.

ஓடி மேலே சேர்ந்தபோது குழியில் மண் விழுந்துகொண்டிருந்தது. ஃபோலாவ் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான். மூச்சிரைக்க அள்ளிப் போட்டதில் பாதி மண் வெளியே சிந்தியது.

"அண்ணனுக்கு ஒரு தோள்கூடக் குடுக்கல அண்ணி."

லூபே குழியைப் பார்த்தபடியே, "நான் மட்டும் என்ன செஞ்சேன்? கூட வந்தேன், அவ்வளவுதான்" என்றாள்.