பெடல் இல்லாத கடைசிப் பக்கம்

பியானோ டிப்ளோமா தேர்வுக்கு வாசித்தால் மட்டும் போதாதாம். வாசிக்கும் உருப்படியை அலசி மூன்று பக்கம் எழுதியும் தர வேண்டுமாம். பத்து வருடமாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்து வேலை என்றால் எனக்கு வேப்பங்காய். அதிலும் நான் எடுத்தது தண்ணீரைப் பற்றிய உருப்படி, ஏழு பக்கம். நூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியது. சுலபமாக வேறொன்றை எடுத்திருக்கலாம். என் அண்ணன் முகுந்தன் கடைசியாக வாசித்தது இது என்பதால் பிடிவாதமாக இதையே எடுத்தேன்.

கிள்ளானில் வெள்ளம் வந்த அந்த டிசம்பர் ஞாயிறு காலையில் அவன் இதை வாசித்து எனக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினான். இரண்டு நாள் கழித்து அவனைப் பியானோவுக்குப் பக்கத்திலேயே பிணமாகக் கண்டெடுத்தார்கள். அவன் மனைவி தாமரை, என் அண்ணி, அன்றைக்குப் பந்திங்கில் தன் அம்மா வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் படகோடு வந்து கூப்பிட்டும் அவன் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் நான்கு வருடமாக அண்ணியின் கேள்வி.

பதில் எனக்குத் தெரியும். அவன் வீட்டில் இருந்த பியானோ என்னுடையது. அன்றைக்கு அதைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஏற்றி வர லோரிக்குச் சொல்லி வைத்திருந்தேன். "லோரி வர்ற வரைக்கும் அத விட்டு நகராத அண்ணா" என்று காலையில் போனில் சொன்னது நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவனாகவே, வாசிப்பில் மயங்கி, தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்துவிட்டான் என்று அந்தப் பதிவில் ஒரு துப்புக் கிடைத்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். தேர்வெல்லாம் ஒரு சாக்கு.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாக அண்ணி சொல்லியிருந்தார். அவர் அந்தப் பதிவைக் கேட்டதே இல்லை. இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறதாம். அவர் வருவதற்கு முன் நான் கேட்டு முடித்துவிட வேண்டுமென்று ஒன்பது மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த உருப்படியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெடலில் இருக்கிறது என்பேன். சுரங்கள் சம இடைவெளியில் நடந்துகொண்டே இருக்கும். வந்து உட்கார வீடு என்று ஒரு சுரம் கிடையாது. வலது பெடலை மிதித்தால் விரலை எடுத்த பிறகும் ஒலி நிற்காது, ஒன்றின்மேல் ஒன்றாகத் தேங்கும். காலை எடுத்தால் அத்தனையும் வற்றிவிடும். கடைசிப் பக்கத்தில் அடியாழத்தில் ஒரு சுரம், உச்சியில் நடுங்கும் இரண்டு சுரம், நடுவில் ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் அகலமான ஒரு சுரக்கொத்து. மூன்று இடம், இரண்டே கை. அடிச்சுரத்தைப் பெடல் பிடித்துக்கொள்ள, அதற்குள் இடக்கை நடுவுக்கு ஓட வேண்டும்.

பென்சிலால் குறித்துக்கொண்டே முகுந்தனின் பதிவைக் கேட்டேன். நான்காம் பக்கத்தின் நடுவில் பெடல் நின்றுவிட்டது. அதன் பிறகு விரலை எடுத்ததும் ஒலி பட்டென்று அறுந்தது. இத்தனை நாளும் இதை அவனுடைய பாணி என்று நினைத்திருந்தேன், மண்டு. தண்ணீர் பெடலுக்கு வந்துவிட்டது. அவன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறான்.

கடைசிப் பக்கம் வந்தது. பெடல் இல்லை. ஆனால் அடிச்சுரம் அறுபடாமல் ஒலித்தது. அப்படியென்றால் இடக்கை விரல் அதன் மேலேயே இருக்கிறது. உச்சியில் அந்த இரண்டு நடுங்கும் சுரத்தில் வலக்கை இருந்தது. அப்போதுதான் நடுவில் சுரக்கொத்தும் கேட்டது. ஆறு முறை ஓட்டிக் கேட்டேன். இங்கே இருக்கும் வாடகைப் பியானோவில் நானே பெடலைத் தொடாமல் வாசித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கொத்துக்கு இன்னொரு கை வேண்டும். வீட்டில் அவன் தனியாகத்தான் இருந்தான்.

ஏழாம் முறை இன்னொன்றும் காதில் விழுந்தது. கை எட்டாதவர்கள் அகலமான கொத்தைக் கீழிருந்து மேலாக உருட்டி வாசிப்பார்கள். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான். சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் பத்துமலைக் கோயிலுக்குப் போனபோது வேன் கதவில் நசுங்கியதிலிருந்து என் இடக்கைச் சுண்டுவிரல் முழுதாக விரியாது. அதனால் நான் மட்டும் மேலிருந்து கீழாக இறங்கி, சுண்டுவிரலைக் கடைசியில் இழுத்துப் போடுவேன். "எல்லாரும் பத்துமலையில ஏறுவாங்க, நீ மட்டும் எறங்கிக்கிட்டே இருக்கே பாப்பா" என்று முகுந்தன் கேலி செய்வான். பதிவில் அந்தக் கொத்து மேலிருந்து கீழாக இறங்கியது. கடைசிச் சுரம் கொஞ்சம் தாமதமாக வந்தது.

அண்ணி கதவைத் தட்டினார்.

"என்னா ஷாமினி, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. பசியாறுனியா இல்லியா?"

"ஆச்சு அண்ணி. இன்னிக்கு வேணாம் லா. இன்னொரு நாள் கேளுங்க."

"நாலு வருஷமா இன்னொரு நாள்தான். குடு."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் பியானோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், கை கட்டைகளின் மேல் கிடந்தது. ஒன்பதாம் நிமிடத்தில் வாசிப்பு முடிந்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டு நிமிடம் வெறும் தண்ணீர்ச் சத்தம் என்று நான் எப்போதும் அங்கேயே நிறுத்திவிடுவேன். அண்ணிக்கு இசை தெரியாது. முடிந்துவிட்டதென்று தெரியாமல் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, என் முகத்தை விட்டுவிட்டு என் இடக்கையைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ இங்கதானே இருந்தே?"

"இங்கதான் அண்ணி."

"அவரு உங்கிட்டப் பேசுறாரே."

ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஓட்டினார். அறை முழுக்கத் தண்ணீர் சலசலத்தது. தூரத்தில் யாரோ "போட் வந்துருச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் முகுந்தனின் குரல், கொஞ்சமும் கோபமில்லாமல்.

"பாப்பா, கைய எடு. லோரி வராது. நான் போறேன்."

பதிலுக்கு அந்தச் சுரக்கொத்து, மேலிருந்து கீழாக.

"விடு பாப்பா."

மறுபடியும் அதே கொத்து. அத்தோடு பதிவு முடிந்தது.

அண்ணி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "நீ என்னா சொன்னே அவர்கிட்ட?" என்று கேட்டபோது குரல் தணிந்திருந்தது.

"லோரி வர்ற வரைக்கும் நகராதேன்னு சொன்னேன் அண்ணி."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வந்து, கட்டையின் மேல் அழுந்திக் கிடந்த என் சுண்டுவிரலைப் பிடித்தார்.

"கைய எடு ஷாமினி," என்றார்.

எடுக்கத்தான் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். விரல் எழவில்லை.