பாடுகிறவர் எங்கே நிற்கிறார்?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் வாழ்நாளில் எழுதியதிலேயே நீளமானது ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றியது. பதினோரு பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மனைவிக்கு எழுதிய கடிதம்கூட ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. அதிலும் அரைப் பக்கம் பஸ் நேரம்.

சும்மா சொல்லக்கூடாது, ஆம்ப்ளிஃபயரும் லேசுப்பட்டதல்ல. இரண்டு பெட்டி செய்கிற வேலையை ஒரே பெட்டியில் செய்கிற உயர்ரக ஸ்டீரியோ. கொண்டுவந்த இரண்டு ஆட்கள் மாடிப்படியில் மூன்று முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அதை வாங்குவதற்கு முன் மனிதர் இரண்டு வருஷம் இணையத்தில் ‘உரிமையாளர் கருத்துகள்’ என்ற பக்கத்தைப் படித்துக்கொண்டே இருந்தார். அதே ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் ஆளாளுக்கு அங்கே எழுதுவார்கள். முதல் இருநூறு மணி நேரம் அதைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள், பழகட்டும் என்பார் ஒருவர். புது மருமகனுக்குக்கூட இவ்வளவு அவகாசம் யாரும் கொடுப்பதில்லை. சாதாரண ஒயரைப் போட்டு அதன் மானத்தை வாங்காதீர்கள், இந்த கேபிளைப் போடுங்கள் என்பார் இன்னொருவர். அறைக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கவேண்டும், இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில், அளவுநாடா பிடித்துப் போடவேண்டும் என்பார் மூன்றாமவர். நம்மவர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தார். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளினார். ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, அதன் நாலு கால்களும் எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் டேப் ஒட்டினார். அந்தப் பக்கத்தில் தனக்கு ‘ஒற்றை நாற்காலி’ என்று பெயரும் வைத்துக்கொண்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த சோபாவில் அவர் தனியாக உட்கார்ந்ததே கிடையாது.

அவருடைய மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாரத்தில் ஆறு நாள், “லெஃப்ட், லெஃப்ட், லெஃப்ட்னா உங்க லெஃப்ட்!” என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அந்த சோபாவில் உட்கார்ந்து, அட்டையில் படகு போட்ட ஒரு ரிகார்டைக் கேட்பார்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம். முதல் பாட்டு ஆரம்பித்ததும் அந்தம்மா கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் விரலை நீட்டி, “இதோ நிக்கிறா” என்பார். பாடுகிறவள் அங்கேயே நிற்கிற மாதிரி, குரல் அந்த இடத்திலிருந்துதான் வரும். கணவருக்கும் அது தெரியும். ஆனால் மனைவி வாயால் கேட்பதில் ஒரு சுகம்.

புது ஆம்ப்ளிஃபயர் வந்த முதல் ஞாயிறு, அந்தம்மா வந்து பின்னால் தள்ளியிருந்த சோபாவில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார்.

“ஏங்க, பாடறவ எங்க நிக்கிறா?”

“எல்லா இடத்துலயும்! அதுதான்மா இதோட விசேஷமே!”

அந்தம்மா சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோய்க் காரைக் கழுவினார். அதற்கப்புறம் நாலு மாதமாக ஞாயிறு மூன்று மணிக்குக் காரைத்தான் கழுவுகிறார். தெருவிலேயே அப்படிப் பளபளக்கிற கார் வேறு கிடையாது.

மனிதருக்கு அது முள்ளாய்க் குத்தியது. விலையைக் கேட்டு வந்த கோபமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். பொறாமையோ என்றும் ஒரு நாள் நினைத்து, உடனே தன்னையே திட்டிக்கொண்டார். கேட்கவும் வாய் வரவில்லை. ஊரெல்லாம் புகழ்கிற பெட்டியைத் தன் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லையே என்ற குறையைத்தான் அவர் உரிமையாளர் கருத்துகளில் பதினோரு பக்கமாக எழுதிப் போட்டார் என்றுகூடச் சொல்லலாம். அதில் அந்தக் குறையைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. ‘குரல் ஒரு இடத்தில் நிற்பதில்லை, வீடு முழுக்கப் பரவுகிறது. சமையலறையிலும் இருக்கிறாள், பால்கனியிலும் இருக்கிறாள். கீழ் ஸ்தாயி முரட்டுத்தனமாக இடிக்காமல், விருந்தாளி மாதிரி வாசலிலேயே அடக்கமாக நிற்கிறது.’

அதைப் படித்த மற்ற உரிமையாளர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் இப்படியெல்லாம் பரவவில்லை. ஒருவர் ஸ்பீக்கர்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துப் பார்த்தார். இன்னொருவர் வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றிவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில், நங்கூரம் என்ற பெயரில் எழுதுகிறவர், கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கடிதம் போட்டார். நானும் என் நண்பர் பல் டாக்டரும் அதே ஆம்ப்ளிஃபயர்தான் வைத்திருக்கிறோம், எங்களுக்கு இந்தப் பரவல் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கலாமா என்று.

கண்ணாடிக்காரர் துள்ளிக் குதிக்காத குறை. வெளியாள் இரண்டு பேர் மனைவி காதில் விழுகிற மாதிரி நாலு வார்த்தை புகழ்ந்தால், அவர் மனசும் இளகும், வந்து உட்காருவார். அந்த நினைப்பில் சனிக்கிழமை முழுக்க அவருக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. “இது தெளிவா, அது தெளிவா?” என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டபோது ஒரு வாடிக்கையாளர், “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார். மற்ற நாளாக இருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். அன்று, “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார். பிறகு ரசீதைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். வயது ஐம்பத்திரண்டு. ஊருக்கெல்லாம் படிக்கிற கண்ணாடி விற்கிறவர் தனக்கு மட்டும் வேண்டாம் என்பார். “கை நீளம் போதுற வரைக்கும் கண்ணாடி எதுக்கு?” என்பது அவருடைய கட்சி.

ஞாயிறு சரியாக மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். நங்கூரம் பேருக்கு ஏற்ற கனத்த ஆள். பல் டாக்டர் ஒல்லி, எதற்கும் சிரிப்பவர். அறையில் நாற்காலி ஒன்றுதான் என்பதால் ஒருவர் உட்கார, மற்ற இருவரும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். படகு ரிகார்டு ஓடியது.

“ஆஹா!” என்றார் பல் டாக்டர். “என்ன பரவல், என்ன பரவல்!”

நங்கூரம் உட்கார்ந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, “பிரமாதம்” என்று முடித்துக்கொண்டார். இன்னொருவர் வீட்டு ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வது, இன்னொருவர் வீட்டுக் குழந்தையைக் குறை சொல்வது மாதிரி. நல்ல மனிதர்கள் செய்ய மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி வாளியும் துணியுமாக அந்தப் பக்கம் போனார்.

“இரும்மா. இவங்க சொல்றதைக் கொஞ்சம் கேளேன்” என்றார் கண்ணாடிக்காரர். குரல் கெஞ்சியது அவருக்கே தெரிந்தது.

“நீங்க கேளுங்க. எனக்குக் கார் வேலை இருக்கு.”

நங்கூரம் திரும்பிப் பார்த்தார். “தங்கச்சி, நாலு மாசமா இது உங்க வீட்டுல இருக்கு. அப்ப நீங்களும் ஓனர்தானே? உங்க கருத்து என்னம்மா?”

இதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்தம்மா வாளியைக் கீழே வைத்தார்.

“பாடறவங்க எங்க நிக்கிறாங்கன்னே எனக்குத் தெரியலைண்ணா. வண்டி கத்துக்க வர்றவங்ககிட்ட நான் சொல்வேன், ஹாரன் கேட்டா எந்தப் பக்கம்னு திரும்பிப் பாக்காம சொல்லணும்னு. இதுல பக்கமே இல்ல. மொத நாளே இவர்கிட்ட கேட்டேன். எல்லா இடத்துலயும்னாரு. எல்லா இடத்துலயும் இருக்கறவங்களோட எப்படிண்ணா உக்காந்திருக்கறது? பழைய பெட்டியில கை நீட்டுனா தொடலாம் போல நிப்பாங்க.”

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் நங்கூரத்துக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. “அப்பாடா! அதையேதான் நானும் நினைச்சேன், சொல்ல வாய் வரல” என்று எழுந்தே விட்டார். “சார், ஒயரை யார் மாட்டினது?”

“நானேதான். கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துப் பாத்து மாட்டினேன்.”

“கண்ணாடி போட்டுக்கிட்டா?” என்றார் மனைவி.

ரிகார்டு எல்லா இடத்திலிருந்தும் பாடிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரையும் அணைத்துவிட்டு, நங்கூரம் இடப்பக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்தார். பழைய ஒயரில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, குழந்தைகூட மாட்டும். மானத்தைக் காப்பாற்ற வாங்கிய புது கேபிளில் இரண்டுக்கும் கறுப்பு உறை. ஒன்றில் மட்டும் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்பு இழை ஓடும். அது சிவப்பு முனையில் போகவேண்டும்.

“வந்து நீங்களே பாருங்க சார்.”

கண்ணாடிக்காரர் மண்டியிட்டு உள்ளே நுழைந்தார். கறுப்பு தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு கறுப்பு தெரிந்தது. வழக்கம்போலத் தலையைப் பின்னால் இழுத்தார், சுவர் இடித்தது. கை நீளம் போதும் என்ற கட்சிக்கு அங்கே இடமில்லை.

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார், சுருதி இறங்கி.

மனைவி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டார். ஊதா ஃபிரேம், கீழ்ப்பாதியில் படிக்கிற லென்ஸ். அவரே தேடிப் பிடித்து, பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்தது. சிவப்பு இழை பளிச்சென்று தெரிந்தது, கறுப்பு முனையில்.

“இதுனாலதான்” என்று நங்கூரம் விளக்கினார். “ஒரு ஸ்பீக்கர் வெளிய தள்றப்ப இன்னொண்ணு உள்ள இழுக்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டினா குரல் எங்கதான் நிக்கும்? கீழ் ஸ்தாயி பாதி அடிபட்டே போயிடும்.”

“அதைத்தான் விருந்தாளி மாதிரி நிக்குதுன்னு எழுதினீங்களா?” என்று கேட்டுவிட்டு, பல் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கண்ணாடிக்காரர் ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே வரக் கூச்சமாக இருந்தது. பதினோரு பக்கம். யாரோ ஒருவர் வீட்டில் சுவரைப் பார்த்து நிற்கிற ஸ்பீக்கர்கள். கழற்றிப் போட்ட திரைச்சீலைகள். அதையெல்லாம்விட, ‘எங்க நிக்கிறா’ என்று ஒருத்தி முதல் நாளே ஒழுங்காகக் கேட்டதும், அதற்குத் தான் சொன்ன பதிலும். ஊதாக் கண்ணாடியோடு ஒயரை மாற்றினார். ஒவ்வொரு முனையையும் மூன்று தடவை பார்த்தார்.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ரிகார்டை முதலிலிருந்து வைத்தார்கள்.

கீழ் ஸ்தாயி வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது. அதன்மேல் குரல் எழுந்தது. பழைய பெட்டியில் கேட்டதைவிடத் துல்லியமாக, மூச்சு வாங்குவது கேட்கிற கிட்டத்தில். தான் வாங்கிய பெட்டியைக் கண்ணாடிக்காரர் அன்றுதான் முதல்முதலாகக் கேட்கிறார். ஆனால் அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, வாளிக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அந்தம்மா கண்ணை மூடியிருந்தார். விரல் மெதுவாக உயர்ந்தது.

“இதோ நிக்கிறா.”

“நாலு மாசமா நீ கோவமா இருக்கேன்னுல்ல நினைச்சேன்” என்றார் அவர்.

“கோவமும்தான். அது அந்த நாற்காலி மேல.”

மூன்று ஆண்களும் சேர்ந்து சோபாவை இழுத்தார்கள். தரையில் ஒட்டிய டேப் சுருண்டுகொண்டு வந்தது. ஒற்றை நாற்காலி மூலைக்குப் போனது. பல் டாக்டர் அதில் போய் உட்கார்ந்துகொண்டு, “என்னைக் கவனிக்காதீங்க” என்றார். அந்தம்மா வந்து சோபாவில், நட்ட நடுவில், உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரர் ஒரு நொடி தயங்கினார். நடு இடம். சென்டிமீட்டர் கணக்கில் அளந்த இடம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தார். நங்கூரத்துக்கு மறு ஓரம் கிடைத்தது. கார் அன்று கழுவப்படாமலே கிடந்தது.

அன்று சாயங்காலமே உரிமையாளர் கருத்துகளில் அவருடைய பதினோரு பக்கமும் காணாமல் போயிற்று. ஊதாக் கண்ணாடியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் புதிதாக எழுதினார்:

‘ஒரு பக்க ஒயரை நான் மாற்றி மாட்டியிருந்தேன். நண்பர்கள் மன்னிக்கவும், ஸ்பீக்கர்களைத் திருப்பி வையுங்கள், திரைச்சீலைகளைப் போட்டுவிடுங்கள். இந்த ஆம்ப்ளிஃபயரில் பாடுகிறவர் ஒரே இடத்தில் நிற்கிறார். என் மனைவிக்கு நேர் எதிரே. நான் ஓரத்தில் உட்கார்ந்துதான் கேட்டேன். நன்றாக இருக்கிறது.’