கறுப்புக் கொக்குகள்

கொக்குகள் ஒருநாளும் மொத்தமாக எழுவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்கு ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்?

ஏரிக்கரையின் மேல் நடந்துகொண்டே எழில்மதி பத்து நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. தோளில் கேமரா தொங்கியது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி நாலு வருஷத்துக்கு முன் நீளமான லென்ஸோடு கொண்டுவந்து கொடுத்தது. பத்து நாளாக அதன் மூடியை அவள் கழற்றவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வரலாம். வைத்துவிட்டு வந்தால் ஏன் கொண்டுபோகவில்லை என்று கணவர் கேட்பார். பதில் சொல்வதைவிடச் சுமப்பது சுலபம்.

மேற்கே கல்வராயன் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. கரைக்குக் கீழே கச்சிராயபாளையம் சாலை. சாலையோரப் புளியமரங்களில்தான் கொக்குகள் இரவு அடைந்திருக்கும். விடியும்போது முதலில் இரண்டு மூன்று எழும். ஒரு சுற்று சுற்றிவிட்டு வயல் பக்கம் போகும். பிறகு ஐந்தாறு. மரம் முழுக்கக் காலியாக முக்கால் மணி நேரமாவது ஆகும். பள்ளிக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் முன்னால் தனக்கென்று கிடைக்கிற நேரம் முழுவதையும் அவள் அதைப் பார்த்தே கழித்திருக்கிறாள்.

மறியல் தொடங்கிய அன்று அப்படி நடக்கவில்லை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சாதிச் சங்கம் அறிவித்திருந்தது. “நாளைக்கு ரோட்டுப் பக்கம் போவாதீங்க சித்தி,” என்று இளஞ்செழியன் முந்தின நாள் சொன்னான். அவள் கணவரின் அண்ணன் மகன். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் வீட்டில் தங்கிப் படித்தவன். அவள் ரோட்டுப் பக்கம் போகவில்லை, கரைமேல் போனாள். ஒரு புளியமரத்திலிருந்து அத்தனை கொக்கும் ஒரே வெள்ளையாக எழுந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை இரண்டு முறை அழுத்தினாள்.

கீழே ரம்பம் இழுக்கும் சத்தம் காதில் விழுந்தது. புளி மகசூல் குத்தகைக்காரர் கிளை கழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாளா, அப்படி இருக்கட்டும் என்று விரும்பினாளா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது மரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டிய ஆட்கள் இல்லை. போக வழியில்லாமல் நின்ற கட்டை வண்டியை ஒரு படம் எடுத்தாள். மரத்தின் மேல் ஏறிக் கடந்த சிறுமிகளை ஒன்று. பால் கேனை அந்தப் பக்கம் நீட்டிக் கொடுத்த பெண்ணை ஒன்று. கடைசியாக, அடுப்புக்குக் கிளை வெட்டிக்கொண்டு போகலாம் என்று கோடரியோடு வந்த பாவாடை என்ற கூலிக்காரரை ஒன்று. “கொஞ்சம் சிரிங்க,” என்று அவள்தான் சொன்னாள். அவர் மரத்தின்மேல் ஒரு காலை வைத்து, கோடரியைத் தோளில் சாய்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும், அவள் பிலிமைக் கழுவிய கொளஞ்சியப்பனுக்கு அந்தக் கடைசிப் படம் பிடித்துப்போனது. பெரிதாக்கி, அவளைக் கேட்காமலேயே கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டான். நான்காம் நாள் அந்த வழியாகப் போன போலீஸ்காரர்கள் அதைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எதிரே களை வெட்டப் போகும் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் பாவாடையின் மனைவி காசியம்மாள். ஒதுங்கிப் போகக் கரையில் இடமில்லை.

“இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் படம் புடிக்கலியா?”

“இல்ல.”

“புடிக்காதீங்க. எங்கூட்டு ஆளு ஆயுசுல ஒரே ஒரு தபாதான் போட்டோவுக்கு நின்னாரு. அதுவே ஜாஸ்தியாப் போச்சி.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். காசியம்மாளும் சிரித்தாள். பிறகு களைக்கொத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “சிரிக்கச் சொன்னீங்களாமே. டேசன்ல அதத்தான் கேட்டுக் கேட்டு அடிச்சாங்களாம். மரத்தையும் வெட்டிப்புட்டு சிரிப்பு வேறயாடான்னு.”

எழில்மதி லென்ஸ் மூடியை விரலால் தடவினாள்.

“நாளைக்கு கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு வராங்க. நீங்க வந்து நடந்தத சொன்னா வுட்டுடுவாங்கன்னு வக்கீலு சொன்னாரு. உங்களையும் வந்து பாத்தாராமே. வருவீங்கதான?”

“பாக்கலாம் காசியம்மா.”

மார்க் போதாத பிள்ளைகளின் தாய்மாரிடம் அவள் சொல்லும் சொல் அது. காசியம்மாள் அதை அப்படியே வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் கரையை விட்டு இறங்க எழில்மதிக்குக் கால் வரவில்லை. பாவாடைக்கென்ன, பத்து நாள் இருந்துவிட்டு வந்துவிடுவார், போவதற்கு உத்தியோகமா இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. யாரோ பக்கத்தில் நின்று சொன்னதுபோல் திடுக்கிட்டாள். யாரும் சொல்லவில்லை. அவள்தான்.

வீட்டுக்குள் நுழையும்போதே காப்பி வாசனை. கணவர் தமிழழகன் காப்பி போட்டிருந்தார் என்றால் வீட்டில் ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று அர்த்தம். கூடத்தில் அவருடைய அண்ணன் வீரமுத்து உட்கார்ந்திருந்தார். களமருதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

“வாம்மா. கொக்கெல்லாம் சௌக்கியமா?”

“வாங்க மாமா. அக்கா வரலியா?”

“அவ எங்க வருவா? புள்ள மூஞ்சியப் பாத்துப் பத்து நாளாச்சின்னு படுத்துக்கினு இருக்கா.”

“செழியன் எங்கதான் இருக்கான்?”

“மலைமேல கரியாலூர்ல. நம்ப சின்னதுரையோட மரவள்ளிக் கொல்லையில. குளிரு தாங்கலன்னு போர்வை கேட்டு வுட்டிருக்கான்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கொளஞ்சியப்பன் எல்லாத்தையும் சொல்லிட்டான்மா. ஆறு படமும் ஒரே துண்டு நெகட்டிவ்ல இருக்குதாம். எது முன்ன எது பின்னன்னு ஓரத்துல வரிசையா நம்பர் வேற போட்டிருக்குதாம்.”

மேஜைமேல் அவள் நெகட்டிவ் போட்டு வைத்திருந்த பழுப்புக் கவர் இருந்தது. பக்கத்தில் தையல் பெட்டிக் கத்தரிக்கோல். பீரோவிலிருந்து எடுத்து வைத்தது தமிழழகன்தான். ஆனால் கவரைப் பிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் பொருளை அவள் அனுமதி இல்லாமல் அவர் பிரித்ததில்லை. அது நல்ல குணமா, எதையும் தன் கையால் செய்யாமல் தப்பித்துக்கொள்வதா என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

“மொத ரெண்டு படத்த மட்டும் வெட்டிடு,” என்றார் தமிழழகன் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு. “மிச்சம் நாலும் உங்கிட்டயே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா, மொத ரெண்டும் வெளிச்சம் பட்டுப் புகையடிச்சிப் போச்சின்னு சொல்லிடு. உன்ன யாரு சந்தேகப்படப்போறா?”

அவள் நெகட்டிவை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கொக்குகள் எல்லாம் கறுப்பு. வெளுத்த மரத்தடியில் நாலு பேர் குனிந்து ரம்பம் இழுக்கிறார்கள். அவர்கள் முகம் தெரியவில்லை. ஐந்தாவது ஆள் நிமிர்ந்து நிற்கிறான். சட்டையும் கறுப்பாகத் தெரிந்தது, அப்படியென்றால் அது வெள்ளைச் சட்டை. தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்தது. கொக்குகள் எழுவதை வாயைப் பிளந்து பார்க்கிறான். பார்க்காமல் குனிந்தே இருந்திருந்தால் அவனையும் யாருக்கும் தெரிந்திருக்காது.

“செழியனுக்கு வேல ஆர்டர் வர்ற நேரம்மா,” என்றார் வீரமுத்து. குரல் இறங்கியிருந்தது. “போலீஸ் விசாரணை ஒண்ணுதான் பாக்கி. இந்த நேரத்துல கேசுன்னு வந்தா எல்லாம் போச்சி. நம்ப வூட்டுல படிச்சி வெளிய வந்தது உம் புருஷன், அப்பறம் இவன். வேற யாரு? வேலைக்காகத்தான ரோட்டுல போய் நின்னான்? அந்த வேலையே இல்லன்னு ஆயிட்டா?”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளைத் தளர்த்தியது. பொய்யென்றால் எதிர்த்துப் பேசத் தெம்பு வந்திருக்கும்.

“பாவாடையோட கதி?”

“அவன வுட்டுடுவனா? ஜாமீனுக்கு நானே ஆள் ஏற்பாடு பண்றேன். அவனுக்கு இன்னாம்மா, பத்து நாளு இருந்துட்டு வந்துடுவான். உத்தியோகமா போவப்போவுது?”

கிட்டத்தட்ட அதே வாக்கியம். கரைமேல் அவளுக்குள் வந்தது. வெளியே இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. வீரமுத்துமேல் கோபப்பட அவளால் முடியவில்லை. கோபப்பட உரிமை இல்லாததுபோல் இருந்தது. களைப்பு மட்டும்தான்.

நாளைக்கு அவள் போய்ச் சொன்னால் அப்புறம் களமருதூருக்கு எந்த முகத்தோடு போவது? பொங்கலுக்கு, கல்யாணங்களுக்கு, சாவுக்கு? அக்கா பேசமாட்டாள். தமிழழகன் பேசுவார், பேசாமல் இருப்பதைவிட அது கஷ்டமாக இருக்கும். செழியன் சித்தி என்று கூப்பிடமாட்டான். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். எதுவும் ஆகாமல் போய்விடும் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை.

தமிழழகன் கத்தரிக்கோலைக் கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி நகர்த்தினார்.

“வெட்டிடு எழிலு. ரெண்டே ரெண்டு.”

எழில்மதி நெகட்டிவைக் கவருக்குள் போட்டாள். அது முழுசாக உள்ளே போக, ஓரம் மடங்காமல் பார்த்துக்கொண்டாள்.

“வேணாங்க,” என்றாள். இரண்டாம் தரம் சோறு போட வந்தவர்களிடம் இலைமேல் கையை மறித்துச் சொல்வதுபோல்தான் சொன்னாள். வீரமுத்துவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“இன்னாம்மா சொல்ற?”

“வெட்டமாட்டேன் மாமா. புகையடிச்சிதுன்னும் சொல்லமாட்டேன்.”

அவள் கவரைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மறுநாளைக்கு லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தாள்.